பந்து கட்டிய பம்பர்

எங்கள் பிக்கப் வண்டியை முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை பார்க்கிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். தினமும் பார்க்கிற பாக்கியம் எனக்கு மட்டும்தான், அதனால் நான் தலையில் அடித்துக்கொள்வேன். என் கணவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் சிங்கம். நான் வைத்திருக்கும் பெயர் தகர டப்பா.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, சலூன்களுக்கு என்று எல்லா வகையும் உண்டு. அளந்து வெட்டுவது நான். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவது அவர். வண்டியின் பின்பக்கத்தில் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த ஒரு மரச்சட்டம் இருக்கிறது. அந்த வண்டியில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான், அதையும் செய்தது தச்சர்.

மற்றதெல்லாம் இவருடைய கைவண்ணம். டிரைவர் சீட்டுக்கு அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடி உடைந்தபோது புதுக் கைப்பிடி வாங்காமல் நைலான் கயிறு கட்டினார். இறங்க வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். சைலென்சர் ஓட்டையானபோது பெயின்ட் டப்பாவை வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். பின்பக்கத் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மறுநாள் எங்கள் துணி அலமாரி கதவில்லாமல் நின்றது. போகட்டும், ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மேதை இருப்பான்.

போன வருஷம்தான் மேதைக்குக் கிறுக்கு முற்றியது.

முதலில் விளக்குகள் வந்தன. வண்டியின் தலைமேல் வரிசையாக, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

"எதுக்கு இத்தனை லைட்டு? நம்ம தெருவுல ஏரோப்ளேன் இறங்கப் போவுதா?" என்றேன்.

"வெளிச்சம் பத்தலை."

"நீங்க இருட்டுல எங்க போறீங்க? விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து டி.வி.ல மூக்கு உரச உக்காந்துடுறீங்களே."

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? நீ கண்ணாடியை வெட்டு."

எனக்கு வண்டியைப் பற்றித் தெரியாதாம்! கல்யாணத்துக்கு முன்பே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவள் நான். அந்த லைசென்ஸ் பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கிறது. "இந்த வண்டியோட குணம் உனக்குப் பிடிபடாது" என்று சொல்லிச் சொல்லியே சாவியை என் கையில் கொடுக்காமல் வைத்திருந்தார். பெரிய குணம்! தள்ளினால் ஓடும், தள்ளாவிட்டால் நிற்கும், அதுதான் அதன் குணம்.

விளக்குக்கு அப்புறம் பஸ்ஸுக்கு மாட்டுகிற பக்கக் கண்ணாடிகளை எங்கிருந்தோ பிடித்து வந்து இரண்டு பக்கமும் முறுக்கினார். சின்ன வண்டிக்கு அவ்வளவு பெரிய காது. அதற்கு அப்புறம் வந்ததுதான் பந்து. முன் பம்பரின் இரண்டு மூலையிலும் நெஞ்சுயரத்துக்கு ஒவ்வொரு கம்பி, கம்பியின் நுனியில் எங்கள் பெண்ணின் ரப்பர் பந்து, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. எங்களுக்கு ஒரே பெண், இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். தெருவே அவளை வாண்டு என்றுதான் கூப்பிடும். எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிறவி, பந்தை மட்டும் எப்படிக் கொடுத்தாள் என்று கேட்டேன். "அப்பாவுக்கு வேலைக்கு வேணுமாம்மா" என்றாள் பெரிய மனுஷி மாதிரி.

தெருமுனை மெக்கானிக் எங்கள் கடைக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, உங்க வண்டி இப்பல்லாம் தனியா வர்றதில்லை. முதல்ல ரெண்டு பந்து வருது, பின்னாடியே வண்டி வருது."

"கொண்டையிலே தாழம்பூ, உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். அந்தக் கதைதான்டா இது."

"அது கூடப் பரவாயில்லைக்கா. டீசல் முள் நல்லாத்தான் வேலை செய்யுது, நானே பாத்தேன். இவரு என்னடான்னா டேங்குக்குள்ள குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரைக்கும்னு தடவிப் பாக்குறாரு. ஏன்க்கா?"

"முள்ளு வேலை செய்யுது. மேல்மாடிதான் வேலை செய்யலை."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். இவர் பக்கத்தில்தான் நின்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஏறிப் பார்த்தால் இன்னும் கூத்து. லைட் சுவிட்ச்மேல் ஒரு பாட்டில் மூடியை ஒட்டியிருந்தார். வைப்பர் சுவிட்ச்மேல் சட்டைப் பித்தான், இன்னொன்றின்மேல் ஒரு போல்ட்டின் தலை. ஸ்பீடாமீட்டர் முள்ளில் தடிதடியாகச் சிவப்புப் பூச்சு. என் நெயில் பாலிஷ் பாட்டிலைக் காணோம் என்று ஒரு வாரமாக வாண்டுவைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி இங்கே உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் தரையோடு ஒரு கட்டையை அறைந்து வைத்தார். பின்சக்கரம் கட்டையில் இடித்தால் நிறுத்திவிட வேண்டுமாம். இத்தனை வருஷம் ஒரு விரற்கடை பிசகாமல் அந்தச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தவருக்கு இப்போது கட்டை வேண்டியிருக்கிறது.

கடையிலும் ஒரு வேலை ஆகாது. வெளியே அளவு எடுத்து வர அனுப்பினால், "ஜன்னல் சட்டத்தைக் கழட்டிக் கொண்டாந்துட்டேன், நீயே டேப்பு வச்சுக்க" என்பார். நோகாமல் நுங்கு தின்கிற ஆள் என்று நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். இன்னொரு திமிர் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷமாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் எதிரே போய் நின்றால் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் பேசப் பேச அவர் சுவரைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், தெருவில் போகிற நாயைப் பார்ப்பார். பதில் மட்டும் எனக்கு வரும். ஒரு பெண்டாட்டியை இதைவிட அவமானப்படுத்த முடியுமா? அந்த ஆள் எனக்கு ஒரு பங்கு இளப்பம் காட்டினால் நான் ஒன்பது பங்கு காட்டினேன். எனக்கு வாய் இருக்கிறது, ஆண்டவன் அதைச் சும்மா வைத்துக்கொள்ளவா கொடுத்தான்?

எனக்கு ஒரே கவலைதான். தினமும் காலையில் முதல் லோடு எடுத்துப் போகும்போது வாண்டுவை அந்த டப்பாவில் ஏற்றித்தான் பள்ளிக்கூடத்தில் விடுவார். கயிற்றுக் கதவு, தலையணை அடைத்த சீட்டு. என் பிள்ளையை அதிலிருந்து இறக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"நாளையிலேருந்து நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வேணாம். அவ என்கூடத்தான் வருவா."

"இந்த ஓட்டை வண்டியை நம்பி எம் பிள்ளையை அனுப்ப மாட்டேன்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. முன்கண்ணாடிதான் மங்கிப்போச்சு. மாத்தணும்."

எனக்கு வந்ததே கோபம். யாரிடம் வந்து கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறார்? கொஞ்ச நாளாகவே அவர் ஒரு துணியை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியின் நடுவில், ஸ்டியரிங்குக்கு நேரே, ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விறுவிறுவென்று போனேன். விரல்நகத்தால் கீறிப் பார்த்தேன். ஓரத்தில் நின்று வெளிச்சத்துக்குக் குறுக்காகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. இருந்தும் அடங்காமல் பவுடர் போட்டு உள்ளும் புறமும் நானே துடைத்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் ஓட்டத் துப்பில்லை."

அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அழுக்குப் போயிடுச்சா?" என்று சுவரிடம் கேட்டார்.

"இருந்தாத்தானே போறதுக்கு!"

மறுநாள் காலையில் ஒரு சலூனுக்குப் பெரிய கண்ணாடி போக வேண்டியிருந்தது. சுவர் முழுக்க வருகிற அளவு. ஓரத்தைச் சாய்த்துப் பட்டை தீட்டவே எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அதை ஒற்றை ஆளாக இறக்க முடியாது. அந்த டப்பாவில் ஏறுவதில்லை என்று சபதம் போட்டிருந்தவள், என் கண்ணாடிக்காக ஏறினேன். வாண்டு நடுவில், நான் கயிற்றுக் கதவுப் பக்கம். வண்டி கிளம்பியதும் இவள் முன்னால் நகர்ந்து, டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி, கழுத்தை நீட்டிக்கொண்டாள்.

"சைக்கிள் ஒண்ணு போவுதுப்பா. ஓரமாத்தான்."

"ம்."

"நாய் படுத்திருக்கு. எந்திரிச்சிருச்சு. ஓடிருச்சு."

"ம்."

"சிவப்புப்பா!"

வண்டி நின்றது.

"பச்சைப்பா! முன்னாடி கார்க்காரர் போகவே மாட்டேங்குறாரு. ஹாரன் அடி."

அடித்தார். எனக்குக் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருந்தது. அப்பனுக்கும் மகளுக்கும் இது ஒரு விளையாட்டு போல. பின்னால் அவ்வளவு பெரிய கண்ணாடி நிற்கிறது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் உயிர் போய்ப்போய் வருகிறது, இதில் இந்த நேரடி வர்ணனை வேறு.

"அடியே, சும்மா வாயை மூடிக்கிட்டு வர மாட்டே? அப்பாவுக்குக் கண்ணு இல்லையா? அவருக்குத் தெரியும்."

வாண்டு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் கியரை மாற்றினார். "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"மூச்! பேசினே, முதுகுல ஒண்ணு வைப்பேன்."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டாள். பெரிய நாற்சந்தி வந்தது. சிக்னல் சிவப்பு. நல்ல சிவப்பு, நடுவானத்தில் தொங்குகிற சிவப்பு. நிறுத்துவார் என்று உட்கார்ந்திருந்தேன். வண்டி அதே வேகத்தில் உள்ளே போனது.

"ஏங்க!" என்று நான் கத்தியதும், பக்கத்திலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்ததும், அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றதும் எல்லாம் ஒன்றாக நடந்தன. வாண்டுவை என் கை தானாகப் போய் அமுக்கிப் பிடித்தது. லாரி எங்கள் பம்பரை உரசிக்கொண்டு போனது, மஞ்சள் பந்து கம்பியோடு பறந்து ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நான் வெட்டிய கண்ணாடி போய்விட்டது.

ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் வாண்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

"சாரிப்பா. நான் சிவப்பு சொல்லலை. அம்மாதான் பேசக் கூடாதுன்னாங்க."

லாரிக்காரன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான். வண்டியை எப்படியோ ஓரம் கட்டினார். நான் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீ ஏன்டி சிவப்பு சொல்லணும்?"

"கண்ணாடியில நடுவுல அழுக்கு இருக்குல்லம்மா. அப்பாவுக்குத் தெரியாது. நான்தான் சொல்லணும். அது என் வேலை."

நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். நேற்று என் கையால் துடைத்த கண்ணாடி. அதன் வழியாக ரோடு தெரிந்தது, எதிர்ச் சாரியில் ஒரு கடை தெரிந்தது, கடையின் பெயர்ப் பலகையில் ரோஜா நிறத்தில் பெரிய கேக்குப் படம் தெரிந்தது.

"எதிர்ல என்ன கடைங்க?" என்றேன்.

"டயர்க்கடை."

"டயர்க்கடையை எடுத்துட்டு பேக்கரி வச்சு ரொம்ப நாளாச்சு."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். லைட்டு, பஸ் கண்ணாடி, பந்து, பாட்டில் மூடி, பித்தான், குச்சி, கட்டை. நான் சிரித்த ஒவ்வொன்றும் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றது. அந்த வரிசையில் கடைசியாக எங்கள் பெண் நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பரிதாபம் எல்லாம் அப்புறம். அப்போது வந்தது வெறும் ஆத்திரம்.

"பெத்த பிள்ளையைக் கொண்டாந்து வண்டிக்குக் கண்ணா மாட்டிக்கிட்டீங்களா? நீங்கல்லாம் ஒரு மனுஷனா? இன்னிக்கு அந்த லாரி ஏறியிருந்தா?"

"எங்க பாத்தாலும் நடுவுல ஒரு அழுக்கு" என்றார் மெதுவாக. "முதல்ல கண்ணாடியிலதான்னு நெனச்சேன். துடைச்சாப் போகும்னு பாத்தேன். அப்புறம் சுவத்துல பாத்தா அங்கயும் இருந்துச்சு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நேரா பாக்குறதுதான் தெரியலை."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனா வண்டி ஓட்டாதேம்பாங்க."

"ஓட்டாட்டிப் போவுது! குடியா முழுகிடும்?"

"ஓட்டாம கடையில நான் என்ன செய்யுறது? டேப்பும் தெரியலை. மூலையில உக்காந்து உன் வாயில விழுந்துக்கிட்டே இருக்கவா?"

ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கயிற்றை இழுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சுற்றிப் போய், சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் பக்கத்தில்தான். நடந்தே போனோம். வாண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சைக்கிள் வருதும்மா" என்றாள். "எனக்குத் தெரியுதுடி" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"நாளைக்கு அப்பாவுக்கு யாரு சிவப்பு சொல்லுவா?"

"அப்பா டாக்டர்கிட்ட போறாரு. நீ உள்ள போ."

திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் வசவுகளைத் தயார் செய்துகொண்டே வந்தேன். சாதாரண வசவு பத்தாது. வண்டியை நெருங்கியபோது டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. அவர் நகர்ந்து, கயிற்றுக் கதவுப் பக்கம், நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் தரையாகப் போட்ட எங்கள் அலமாரிக் கதவின்மேல் கண்ணாடித் துண்டுகளைக் கையாலேயே ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார். கட்டைவிரலில் ரத்தம்.

நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். சொல்ல வந்ததைச் சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இப்பவும் எம் மூஞ்சியைப் பாக்க மாட்டீங்க, இல்ல?" என்று வெடித்தேன். "ஒரு வருஷமா இதே திமிர். பண்ணுறதையும் பண்ணிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறது!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"எங்க பாக்குறீங்க? பேக்கரியையா?"

"உன்னைத்தான். நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்க இடத்துல அழுக்குத்தான் இருக்கு. இப்படித் திரும்பினாத்தான் ஓரத்துல நீ வர்றே."

வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சுவர், அந்தக் கதவு, அந்த நாய். ஒரு வருஷமாக அந்த மனுஷன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "கோவமா இருக்கியா? அதெல்லாம் ஓரத்துல சரியாத் தெரிய மாட்டேங்குது."

கண்ணீர் கன்னம் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் அந்த அசைவு அவருக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்காமலே இருந்தேன்.

"கோவமாத்தான் இருக்கேன்" என்றேன். "இந்தக் குப்பைத்தொட்டியில எந்த மூடியை அமுக்கினா எது எரியும்னு சொல்லித் தொலைங்க. டாக்டர் வீட்டுக்குப் போகணும்."

"முதல்ல கிளட்ச்சை முழுசா மிதி" என்றார் அவர். "பாதி மிதிச்சா கியர் விழாது."